ட்ரில் வழுக்குது, டூல் கீச்சிடுது: ஹார்ட் டிஸ்க் தட்டில் வேலை செய்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடும் முன் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளும் ஆசாமியா நீங்கள்? அப்படியானால் உங்கள் மேசை இழுப்பறையிலும் டிஸ்க்குக்குள் இருந்து எடுத்த, முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னும் நாலைந்து வட்டத் தட்டுகள் கிடக்கும். தூக்கிப்போட மனசு வராது, என்ன செய்வதென்றும் தெரியாது. நான் அவற்றை லேத்தின் (கடைசல் இயந்திரம்) கைச்சக்கரத்துக்கு அளவுத்தட்டாகவும் சின்ன டெஸ்லா டர்பைனாகவும் (இறக்கை இல்லாமல் காற்றில் சுழலும் யந்திரம்) மாற்றினேன். மிச்சத்தை வாஷராகவும் இடைத்தகடாகவும் பயன்படுத்தினேன். அந்த வழியில் பாழானவை இருபதுக்கு மேல். பாழானதற்கான காரணங்களைத்தான் அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன் கையில் இருப்பது என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்துவிடும். மேசைக் கம்ப்யூட்டரின் 3.5 அங்குல டிரைவில் வரும் வழக்கமான தட்டுக்கு வெளிவிட்டம் 95 மி.மீ., நடுத்துளை 25 மி.மீ., தடிமன் பெரும்பாலும் 1.27 மி.மீ. லேப்டாப் தட்டு 65 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. துளையும் கொண்டது, தடிமன் 0.635 அல்லது 0.8. நிமிடத்துக்கு 10,000, 15,000 சுற்று ஓடிய சர்வர் டிரைவ்களில் பெட்டி 3.5 அங்குலமாக இருந்தாலும் உள்ளே இருக்கும் தட்டு சிறியது. ஆகவே வெர்னியர் வைத்து அளக்காமல் படம் போடாதீர்கள்.

உள்ளே இருப்பது சுமார் 4 சதவீதம் மக்னீசியம் கலந்த மெத்தென்ற அலுமினியம். ஆனால் அதன் இரண்டு முகத்திலும், ஓரத்திலும்கூட, 10 மைக்ரான் அளவுக்கு நிக்கல்-பாஸ்பரஸ் பூச்சு ஏறியிருக்கும். விக்கர்ஸ் கணக்கில் அந்தப் பூச்சின் கடினம் 500, 600 வரை போகும். அடியில் உள்ள அலுமினியம் 100-ஐக்கூட எட்டாது. அதற்கும் மேலே காந்தப் படலம், கார்பன் படலம், ஓரிரு நானோமீட்டர் தடிமனில் ஒரு வழவழப்பு எண்ணெய். மேலே ஓடு, உள்ளே வெண்ணெய். அலுமினியம் என்று நினைத்து அலுமினியத்தைப் போலவே வெட்டப் போனால் வரும் கோளாறுகள்தான் கீழே உள்ளவற்றில் முக்கால்வாசி.

கழற்றவே முடியவில்லை

மூடியின் திருகுகள் நட்சத்திரப் பள்ளம் கொண்ட டார்க்ஸ் டி8, சிலவற்றில் டி9 அல்லது டி6. எல்லாவற்றையும் எடுத்த பிறகும் மூடி ஒரு பக்கம் மட்டும் எழும்பினால் லேபிளுக்கு அடியில் ஒரு திருகு ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். நகத்தால் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்படும். தட்டைப் பிடித்திருக்கும் நடுத் திருகு கழலாமல் தட்டும் சேர்ந்தே சுற்றினால் தட்டின் முகத்தை அழுத்தாமல் ஓரத்தைத் துணியால் சுற்றிப் பிடியுங்கள். மூடி முழுவதும் வெல்டிங் செய்யப்பட்டிருந்தால் அது ஹீலியம் அடைத்த டிரைவ். 2013-க்குப் பின் வந்த பெரிய கொள்ளளவு சர்வர் டிரைவ்களில் இதைப் பார்க்கலாம். தட்டுகள் நிறைய இருக்கும், ஆனால் மெல்லியவை. அதற்காக கிரைண்டரை எடுப்பது எனக்கு வீண் வேலை.

கை வைத்ததும் தட்டு சில்லுச்சில்லாய் நொறுங்கியது

அது அலுமினியமே இல்லை, கண்ணாடி. லேப்டாப் தட்டுகளில் பெரும்பாலானவை கண்ணாடிதான். மேசைக் கம்ப்யூட்டர் தட்டுகளிலும் நம்பிவிட முடியாது. 2000-ல் வந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி கண்ணாடித் தட்டோடுதான் வந்தது. லேசரால் சூடாக்கி எழுதும் இன்றைய புதுவகை டிரைவ்களிலும் கண்ணாடிதான்.

இதைக் கண்டுபிடிக்க நான் முதலில் தராசில் வைத்துப் பார்த்தேன். பயனில்லை. கண்ணாடியின் அடர்த்தி 2.5 சுற்று வட்டாரம், அலுமினியம் 2.7. லேப்டாப் தட்டில் அந்த வித்தியாசம் அரை கிராம்கூட வராது. அடுத்து மல்டிமீட்டர். அதுவும் ஏமாற்றும், மேல் படலம் உலோகமாதலால் கண்ணாடித் தட்டும் 'பீப்' கொடுக்கக்கூடும்.

நிச்சயமான சோதனைக்கு வேண்டிய பொருள் அதே டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. தரவைப் படிக்கும் தலையை அசைக்கும் கையின் இரு பக்கமும் உள்ள நியோடிமியம் காந்தங்களில் ஒன்றை எடுங்கள். தட்டை ஒரு பென்சிலில் மாட்டித் தொங்கவிட்டு, தொடாமல், முகத்துக்கு மிக அருகில் காந்தத்தை வேகமாக ஓரமாக இழுங்கள். அலுமினியத் தட்டு காந்தத்தின் பின்னாலேயே கொஞ்சம் திரும்பும், சுழல் மின்னோட்டம் செய்கிற வேலை. கண்ணாடி அசையாது. இரண்டு காந்தத்தையும் ஒரே நேரத்தில் கையில் எடுக்காதீர்கள், விரல் நசுங்கும்.

கண்ணாடி என்று தெரிந்தால் ஒதுக்கி வையுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அதில் ட்ரில் வைப்பது கண்ணோடு விளையாடுவது. டைமண்ட் பிட், தண்ணீர், பொறுமை எல்லாம் இருந்தால் துளை போடலாம்தான். ஆனால் அதற்கு ஜன்னல் கண்ணாடி மலிவு.

ட்ரில் பிட் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, இறங்கவே இல்லை

கோவையில் நான் வேலை கொடுக்கும் லேத் பட்டறைக்கு முதல் தட்டை எடுத்துப்போனபோது அங்கிருந்த டர்னர் அண்ணன் ரெண்டு நிமிடம் ட்ரில்லை அழுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, அலுமினியம்னு சொன்னீங்க, இது ட்ரில்லையே திங்குதுங்களே" என்றார். பிட்டின் முனை மொட்டையாகிப் பளபளவென்று இருந்தது. தட்டில் ஒரு வெள்ளிப் பொட்டு, அவ்வளவுதான்.

நடந்தது இது. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் நிக்கல் பூச்சைவிடக் கடினமானதுதான், வெட்ட முடியும். ஆனால் பரப்பு அவ்வளவு வழவழப்பாக இருப்பதால் முனை பிடிப்பில்லாமல் தேய்கிறது. தேய்ந்தால் சூடு. நிக்கல்-பாஸ்பரஸ் பூச்சு 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறினால் மென்மையாவதற்குப் பதிலாகப் படிகமாகி இன்னும் இறுகும். ஆக, வழுக்குகிறதே என்று வேகத்தைக் கூட்டி அழுத்துகிறவர் தன் எதிரிக்குத் தானே பலம் ஏற்றுகிறார்.

சரி செய்வது இப்படி. தட்டை ஒரு தட்டையான இரும்புக் கட்டை மேல் படுக்க வைத்து, சென்டர் பஞ்ச்சால் ஒரே அடி, சத்தம் கேட்கிற அளவுக்கு. அடியில் மரம் வைத்தால் தட்டு குழிந்து கிண்ணமாகும், அதனால்தான் இரும்பு. அந்த அடியில் பூச்சு உடைந்து அலுமினியம் தெரிய வேண்டும். பிறகு 3 மி.மீ. புது பிட், மண்ணெண்ணெய் ஒரு சொட்டு, சீரான அழுத்தம். 6 மி.மீ. துளைக்கு நிமிடத்துக்கு 500 சுற்று போதும். முதல் சுருள் வந்ததும் உள்ளே இருப்பது வெண்ணெய், கை தானே இறங்கும்.

அங்கேதான் இரண்டாவது கண்ணி. அடிப்பக்கப் பூச்சை எட்டும்போது பிட் மறுபடி தயங்கி, பிறகு திடீரென்று குத்திக்கொண்டு வெளியேறும். தட்டைக் கையில் பிடித்திருந்தால் அந்த நொடியில் அது பிட்டோடு சுற்றி விரலை அறுக்கும். 95 மி.மீ. தட்டு வெறும் 22, 23 கிராம்தான், ஆனாலும் ஓரம் பிளேடு. கிளாம்ப் இல்லாமல் ஒரு துளைகூடப் போடாதீர்கள்.

துளை விழுந்தது, ஆனால் முக்கோணமாக இருக்கிறது, ஓரத்தில் பூச்சு பெயர்கிறது

மெல்லிய தகட்டில் சாதாரண பிட்டின் முனை வெளியே போன பிறகும் ஓரம் வெட்டிக்கொண்டிருக்கும், பிட்டைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. அதனால்தான் முக்கோணம். இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவில் தட்டை இறுக்கி, மேல் பிளைவுட் வழியாகவே துளை போடுங்கள். பூச்சு பெயர்வதும் இதிலேயே குறையும், பிசிறும் பெரிதாக வராது. 8 மி.மீ.க்கு மேல் வேண்டுமானால் ஸ்டெப் ட்ரில் நல்லது. பிசிறு எடுக்க கவுண்டர்சிங்க்கைக் கையால் திருப்பினால் போதும்.

லேத்தில் டூல் கீச்சென்று கத்துகிறது, வெட்டுவதற்குப் பதில் பளபளப்பாக்குகிறது

முகம் எடுக்கிறீர்கள், அதாவது தட்டின் பரப்பைச் சீவுகிறீர்கள், மெல்லிய தட்டாயிற்றே என்று பயந்து 0.02 மி.மீ. ஆழம் வைத்திருப்பீர்கள். பயம் நியாயமானது, ஆழம்தான் தவறு. பூச்சு 10 மைக்ரான் இருக்க, நீங்கள் 20 மைக்ரான் மட்டும் கொடுத்தால் டூலின் முனை ஓட்டைத் தாண்டி இம்மிதான் இறங்கியிருக்கும். தட்டு நூலளவு ஆடினால் சில இடத்தில் தொடவே தொடாது, சில இடத்தில் பூச்சைத் தடவும். வார்ப்பு இரும்பை முதல்முறை கடையும்போது பழைய டர்னர்கள் சொல்வதுதான் இங்கேயும்: தோலுக்குக் கீழே போ. முதல் வெட்டு 0.15 மி.மீ. இருக்கட்டும். கூர்மையான கார்பைடு முனை, மூக்கு ஆரம் சிறியது. முனை வெண்ணெய்க்குள் இருக்கும், ஓடு மேலே சுருளோடு சேர்ந்து உடைந்து போகும். கத்தல் நின்றுவிடும்.

தோல் போன பிறகு வேறொரு தொல்லை. சுருள் டூலின் முனையில் ஒட்டி, பரப்பு கிழிந்தது போலாகும். மெத்தென்ற அலுமினியத்தின் பிறவிக் குணம் அது. மண்ணெண்ணெயைத் தூரிகையால் தடவிக்கொண்டே இருங்கள், முனையில் ஒட்டியதை நிறுத்திவிட்டுத் துடையுங்கள். தீப்பொறி பறக்கும் கிரைண்டிங் வேலை பக்கத்தில் நடக்கும்போது மட்டும் இந்த வைத்தியம் வேண்டாம்.

விட்டத்தைக் குறைப்பது இதைவிடச் சுலபம். 25 மி.மீ. துளை தொழிற்சாலையில் மிகத் துல்லியமாக வெட்டப்பட்டது, அதையே ஆதாரமாக வையுங்கள். அதில் இறுக்கமாக வழுக்கி ஏறும் அளவுக்கு ஒரு மாண்ட்ரல் (தட்டைத் தாங்கும் தண்டு) கடைந்து, நாலைந்து தட்டை அடுக்கி, இரு பக்கமும் தட்டை விடச் சற்றே சிறிய கனமான வாஷர் வைத்து இறுக்கி, ஒரே கட்டியாகக் கடையுங்கள். ஒற்றைத் தட்டு அதிரும், அடுக்கு அதிராது.

ஒட்டிய தட்டு வேலையின் நடுவில் கழன்று பறந்தது

முகம் எடுக்க டபுள் டேப்பில் ஒட்டியிருப்பீர்கள், அல்லது ஃபெவிக்விக். ஒட்டும் முன் அசிட்டோனால் நன்றாகத் துடைத்தேனே என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். மேலே இருக்கும் வழவழப்பு எண்ணெய் ஃப்ளூரின் சேர்ந்த பாலிமர். ஆல்கஹாலுக்கும் அசிட்டோனுக்கும் அது அசையாது, கரைக்கத் தனி ஃப்ளூரின் கரைப்பான் வேண்டும். தட்டையான பரப்பு வேறு, பசைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கீறல்கூட இல்லை.

கரைக்க முயலாதீர்கள், தேய்த்து எடுங்கள். ஒட்டப் போகும் பக்கத்தை 400 எமரி பேப்பரில் தண்ணீர் விட்டு, கண்ணாடிப் பளபளப்பு முழுக்கச் சாம்பல் நிறமாகும் வரை தேய்த்தால் டேப் உடும்பாகப் பிடிக்கும். பெயிண்ட் உரிகிறது, அரால்டைட் தெறிக்கிறது என்ற புகார்களுக்கும் இதே மருந்து. உலர்ந்தபடி மட்டும் தேய்க்காதீர்கள். நிக்கல் தூசியை மூச்சில் இழுப்பது புற்றுநோய் ஆபத்து உள்ள விஷயம். கவரிங் நகை போட்டால் அரிக்கும் தோல் உங்களுக்கு இருந்தால் கையுறையும் போடுங்கள்.

டிரைவில் பழைய கணக்கு வழக்கு, படம் ஏதாவது இருந்தால் இந்த எமரி அதையும் சேர்த்து அழித்துவிடும். இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும், தரவு இரண்டு பக்கமும் உண்டு.

முகம் எடுத்துக் கழற்றினால் தட்டு வளைந்திருக்கிறது

முதலில் பிடிப்பைச் சந்தேகியுங்கள். மூன்று தாடைச் சக்கில் ஓரத்தைப் பிடித்தால் 1.27 மி.மீ. தகடு அந்த இறுக்கத்திலேயே வில்லாகும். வில்லானதைத் தட்டையாகக் கடைந்தால், விட்டதும் அது நிமிர்ந்து, கடைந்த முகம் வளையும். பின்பலகை வைத்து ஒட்டிக் கடைவதே வழி.

பிடிப்பு சரியாக இருந்தும் டயல் இண்டிகேட்டரில் ஓரிரு நூறில் ஒரு பங்கு மி.மீ. காட்டினால் காரணம் பூச்சுதான். இரண்டு முகத்திலும் ஒரே மாதிரி விறைப்போடு இழுத்துக்கொண்டிருந்ததில் ஒன்றை எடுத்துவிட்டீர்கள், மற்றது வென்றுவிட்டது. இரண்டு பக்கமும் எடுங்கள், அல்லது இரண்டு பக்கமும் விட்டுவிடுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு ஆசையையும் கைவிடுங்கள். பளபளப்பு வேறு, தட்டைத்தன்மை வேறு. தட்டின் முகம் நானோமீட்டர் அளவுக்கு வழவழப்பு, அதற்காக அதைச் சர்ஃபேஸ் பிளேட்டாக (அளவெடுக்க ஆதாரமாகும் மட்டப் பலகை) வைத்து அளக்க முடியாது. விரலால் ஓரத்தை அழுத்தினாலே வளைகிற தகடு அது.

அடுக்கி வைத்துத் துளை போட்டேன், முதல் தட்டும் கடைசித் தட்டும் பொருந்தவில்லை

டெஸ்லா டர்பைன் செய்கிறவர்கள் எல்லோரும் இங்கே வந்து மாட்டுவார்கள். நிக்கோலா டெஸ்லா 1913-ல் காப்புரிமை பெற்ற அந்த யந்திரத்துக்கு இறக்கை கிடையாது. நெருக்கமாக அடுக்கிய வழுவழுத் தட்டுகளின் இடுக்கில் காற்று ஓரத்திலிருந்து சுழன்று நடுவுக்குப் போகும், போகிற போக்கில் தட்டுகளை இழுத்துக்கொண்டு போகும். நடுவில் துளை, இரு பக்கமும் வழுவழுப்பு, எல்லாம் ஒரே அளவு: ஹார்ட் டிஸ்க் தட்டு இதற்கென்றே வார்த்தது போல இருக்கும். குறைவது நடுவைச் சுற்றி காற்று வெளியேறும் துளைகள் மட்டும்தான்.

அந்தத் துளைகளை எட்டுத் தட்டை அடுக்கி ஒரே இழுப்பில் போட்டால், ஒவ்வொரு தட்டிலும் மேல் ஓடு, வெண்ணெய், கீழ் ஓடு என்று பிட் பதினாறு ஓடுகளைத் தாண்டியாக வேண்டும். ஒவ்வொரு ஓட்டிலும் இம்மி விலகும், எட்டாவதில் அந்த விலகல் கண்ணுக்கே தெரியும். எனக்குச் சரிவந்த வழி: 10 மி.மீ. இரும்புத் தகட்டில் முதலில் துளைகளைப் போட்டு அதை வழிகாட்டியாக்கி, மூன்று மூன்று தட்டாக அடுக்கி, 25 மி.மீ. மாண்ட்ரலில் நிறுத்தி, முதல் துளை போட்டதும் அதில் ஒரு ஊசியைச் செருகிவிட்டு மற்றவற்றைப் போடுவது. பிட்டை ஒவ்வொரு மூன்று தட்டுக்கும் தீட்டினேன்.

டிரைவிலேயே தட்டுகளுக்கு இடையில் வரும் வளையத்தை டர்பைனில் போடாதீர்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் தடிமன் மிக அதிகம். காற்று தட்டைத் தொடாமலே போய்விடும். நான் 0.4 மி.மீ. ஷிம் எனப்படும் மெல்லிய தகட்டில் வாஷர் வெட்டினேன். அந்த வளையங்களை வேறு வேலைக்கு வையுங்கள், இரு முகமும் இணையான ஸ்பேசர் சும்மா கிடைக்குமா?

வேகத்தில் கவனம். இந்தத் தட்டு 5,400, 7,200 சுற்றுக்குப் பிறந்தது, அதுவும் துளை இல்லாமல். வேகம் இரட்டித்தால் இழுவிசை நான்கு மடங்கு, துளையோரத்தில் அது இன்னும் குவியும். கம்ப்ரஸர் காற்று முழுதாகத் திறந்தால் சிறிய டர்பைன் பல ஆயிரங்களைத் தாண்டி ஓடும். கனமான உலோகக் கூட்டுக்குள் மட்டும் ஓட்டுங்கள், சுழலும் தளத்தின் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள்.

வளைத்தால் கண்ணாடிப் பரப்பு விரிசல் விடுகிறது

வறண்ட ஏரி மண் மாதிரி வரிவரியாக வெடிக்கும். பூச்சுக்கு நீளும் குணம் இல்லை, 1 சதவீதம் நீளவே அது முணுமுணுக்கும். மடிக்கும் கோட்டில் இரு பக்கமும் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, பெரிய ஆரத்தில் மடியுங்கள். பளபளப்போடு மடித்த தகடு வேண்டும் என்றால் வேறு தகடு வாங்குங்கள்.

அளவுக் கோடு கீறினால் தெரியவில்லை

இரும்பு ஸ்க்ரைபர் லேசாகத் தடவிப் போகும். கார்பைடு ஸ்க்ரைபரோ, லேத்தில் பக்கவாட்டில் கட்டிய கூரான டூலோ வேண்டும். பூச்சைத் தாண்டும் அளவு ஒரே இழுப்பு. பிறகு கறுப்பு எனாமலைப் பூசி, கொஞ்சம் காய்ந்ததும் துடைத்துவிடுங்கள். வேறிடத்தில் தொல்லை கொடுத்த அதே வழவழப்பு இங்கே உதவிக்கு வரும்: கோட்டில் மட்டும் கறுப்பு தங்கி மற்ற இடம் பளிச்சென்று ஆகிவிடும். என் லேத்தின் 100 பிரிவு டயல் இப்படிச் செய்ததுதான், மாலை வெயிலில் கண்ணைக் கூசுகிறது என்பதைத் தவிர குறையில்லை.

சர்க்யூட் போர்டு அரிக்கும் ஃபெரிக் குளோரைடில் கோடு எடுக்கப் பார்த்தால், பூச்சு மெதுவாகவே கரையும். கரைந்து தீர்ந்த இடத்தில் அலுமினியம் பொங்கிச் சூடேறி, கோட்டின் ஓரத்துக்கு அடியிலும் அரித்துக்கொண்டு போகும். ஒருமுறை முயன்றேன், கோடு கேட்ட இடத்தில் பள்ளத்தாக்கு வந்தது.

அனோடைசிங் நிறம் ஏறவில்லை

மின்சாரத்தால் அலுமினியத்தின் மேல் படலம் வளர்ப்பதுதான் அனோடைசிங், நிறம் ஏறுவது அதில். மேலே இருப்பது நிக்கல், வெட்டிய ஓரத்தில் மட்டும் திட்டுத்திட்டாக நிறம் பிடித்திருக்கும். நைட்ரிக் அமிலம் நிக்கலைக் கரைத்து அலுமினியத்தை விட்டுவைக்கும், பட்டறைகள் அப்படித்தான் எடுக்கின்றன. அப்போது கிளம்பும் பழுப்புப் புகை நுரையீரலைச் சுடும். வீட்டில் செய்யாதீர்கள், லேத்தில் முகம் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

சுழலும் தட்டு இழுத்துப் பிடித்தது போல மெதுவாகிறது

பேரிங்கைக் கழற்றும் முன் பக்கத்தில் காந்தம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். கண்ணாடியா என்று சோதித்த அதே விளைவு இங்கே பிரேக்காகிவிடும். காந்தத்தைத் தள்ளி வைத்தால் தீர்ந்தது. வேண்டுமென்றே வைத்தால் தராசு முள்ளின் ஆட்டத்தை அடக்க இதைவிட நல்ல வழி இல்லை.

சில மாதம் கழித்துத் துளையோரத்தில் வெள்ளைப் பொடி

சுவர்க் கடிகாரம் செய்து கடலோர ஊரில் மாட்டியவர்கள் சொல்வார்கள். வெட்டிய இடத்தில் நிக்கலும் அலுமினியமும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து கிடக்கின்றன, உப்புக் காற்றின் ஈரம் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. தின்னப்படுவது அலுமினியம். பொடியைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்க உலர்த்தி, வெட்டிய ஓரங்களில் மட்டும் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு கை பூசுங்கள். எவர்சில்வர் போல்ட் போட்டிருந்தால் அடியில் நைலான் வாஷர் ஒன்றையும் சேருங்கள்.